வாடைக்குத் திரும்பும் வலை

ஒக்டோபர் 19. காற்று வடகிழக்கு வாடைக்கு மாறியதைக் கவனிக்காமல், இறால் வலையின் வாயைத் தென்மேற்கே, பழைய சோளகக் காற்றின் பக்கமே விட்டது என் பிழை.

மாலை வகுப்புக் கொப்பியில் இப்படி எழுதிய ஜெயரூபி, இப்போது பூநகரிக் கடலேரியில் இடுப்பளவு நீரில் நிற்கிறாள். வலையின் வாயைத் திருப்ப, அதைக் கட்டிய கம்புகளைப் பிடுங்கி நட வேண்டும். ஒரு கம்பும் நிற்காத இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்தக் கரையின் வழக்கம். அந்த இடத்தைப் பிடிக்கவே, இன்னொரு வலைக்காரனான தயாபரன் கம்புக் கட்டோடு வள்ளத்தில் காத்திருக்கிறான். சாய்ந்த வெயில் அலையில் நொறுங்குகிறது. பாசித் துண்டொன்றை மிதக்கவிட்டு, நீர் ஓடும் திசையை அவள் மூன்றாம் தரமும் பார்க்கிறாள். “படிக்கிற பிள்ளைக்குக் காத்துத் தெரியேல்லையோ? கெதியாப் பிடுங்கு தங்கச்சி, எனக்கு நேரம் போகுது” என்கிறான் அவன். “நீங்கள் சாப்பிட்டிட்டு வாங்கோ அண்ணை. நான் ஒண்டை நட்டிட்டுத்தான் மற்றதைப் பிடுங்குவன்.” ஒன்றை உருவி, வடகிழக்கே சேற்றில் அறைகிறாள். பிறகு அடுத்தது. உரிந்த உள்ளங்கையில் உப்பு எரிகிறது. திசை சரிதானா என்ற சந்தேகம் போகவில்லை, கை நிற்கவுமில்லை. கடைசிக் கம்பை அவனுடைய வள்ளத்தை உரசிக்கொண்டே இறக்குகிறாள். வள்ளத்தைத் தள்ளிக்கொள்ள வேண்டியவன் அவன்தான்.

நாளை காலை ஐந்து மணிக்கு வந்து வலை தூக்க வேண்டும்.