பச்சை வாளிக்காரன்

முதலாளி பச்சை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். தொண்ணூறு கிலோ உடம்பு. வாளி நசுங்கவில்லை, விரிசல் விடவில்லை, ஒரு முனகல்கூட இல்லை.

"இறங்குங்க மொதலாளி, விழுந்து வைக்கப் போறீங்க" என்றார் ஃபோர்மன், கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு.

"பழைய பிளாஸ்டிக்கை அரைச்சுக் கலந்துதான் அந்தப் பய இந்த விலைக்கு விக்கிறான்னு நினைச்சேன். இல்லய்யா, சரக்கு சுத்தம்." இறங்கியவரின் முகம் தொங்கிப் போயிருந்தது. "பிளாஸ்டிக் குருணை எல்லாருக்கும் ஒரே விலை. கூலியும் அதே கூலி. அப்புறம் எப்படி நம்மளவிட கால்வாசி கம்மியா குடுக்கிறான்?"

ஃபோர்மன் கூரையைப் பார்த்தார். பிறகு வாளியை நிமிர்த்தி ஓரமாக வைத்தார்.

பச்சை வாளிக்காரன் சந்தைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முதலில் கடைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன, பிறகு ஹோட்டல்கள். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டரும் கைநழுவிப் போனது.

பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் போட வழியில்லை. கரண்ட் பில்லோ கழுத்தைப் பிடித்தது. அதைப் பார்த்தாலே முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று டாக்டர் கண்டித்ததிலிருந்து பில்லை மனைவிதான் வாங்கிக் கட்டுகிறாள்.

வேறு வழி தெரியாமல், அப்பா தொடங்கிய தொழிற்சாலையை விற்றுவிட முதலாளி முடிவெடுத்தார். வாங்குவதற்கு முன்வந்தது ஒரே ஒரு ஆள். அது பச்சை வாளிக்காரன்தான். பதினோரு மணிக்குப் பத்திரத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நம்ம மெஷினுக்கு என்னய்யா குறை?" முதலாளி வாளி அடிக்கும் இயந்திரத்தைத் தடவிக்கொடுத்தார். "முன்னெல்லாம் காலையில சுவிட்சைப் போட்டா சூடேற ஒரு மணி நேரம் ஆகும். இப்ப பத்தே நிமிஷத்துல ரெடி ஆயிடுது. வயசாக ஆகத்தான் சுறுசுறுப்பா ஆவுது. இதைப் போய் அவன் கையில குடுக்கணுமேன்னு வயிறு எரியுது."

"தங்கமான மெஷின் மொதலாளி" என்றார் ஃபோர்மன். அடுத்த கொட்டாவியை அவரால் மறைக்க முடியவில்லை.

சொன்னபடி பதினோரு மணிக்கு ஆள் வந்தார். மேனேஜராம். ஒல்லியான மனிதர். உட்காரச் சொல்லுமுன்னே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"நான்தான் தோத்துட்டேனே, இனிமே சொன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்? எப்படிங்க இந்த விலை கட்டுப்படியாகுது?"

மேனேஜர் சிரித்தார். "பகல்ல நாங்க மெஷினையே தொடுறதில்லை சார். ராத்திரி பத்து மணிக்கு மேல கரண்ட் பாதி விலை. பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஓட்டுறோம், அவ்வளவுதான். கப்பல்ல வந்து இறங்குற வெளிநாட்டு வாளியால கூட எங்க விலைக்குப் பக்கத்துல வர முடியல."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தா. மெஷினுக்கும் மனுஷனுக்கும் ராத்திரியில தூக்கம் வேணும்டி, உனக்கென்ன தெரியும்னு வாயை அடைச்சேன். அன்னைக்குக் கேட்டிருந்தா..." அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் வியாபார புத்தி எட்டிப் பார்த்தது. "அது சரி, பகல் பூரா மெஷின் சும்மா கிடந்தா, அதுல போட்ட முதல் எப்படித் திரும்பும்?"

"மெஷின் எங்களது இல்லையே சார். அச்சு மட்டும்தான் எங்களது. ராத்திரியில பூட்டிக் கிடக்குற ஒரு ஃபேக்டரியில வச்சு அடிச்சுக்கிறோம்."

"நல்லா இருக்கே கதை. எவன்யா அவன், ஃபேக்டரியை அடுத்தவன் கையில விட்டுட்டு குறட்டை விட்டுத் தூங்குறவன்?"

மேனேஜர் ஃபோர்மனைப் பார்த்தார். ஃபோர்மன் தன் செருப்பைப் பார்த்தார்.

"எவனா இருந்தா எனக்கென்ன" என்று முதலாளி பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. இது எங்கப்பா கட்டினது. உங்க ஓனரே நேர்ல வரட்டும். மூஞ்சியைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, டீத் தட்டோடு முதலாளியின் மனைவி உள்ளே வந்தாள்.

மேனேஜர் சட்டென்று காலை இறக்கினார். நாற்காலி பின்னால் சாய, எழுந்து கைகட்டி நின்றார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கணவனுக்கு ஒரு கோப்பையை நகர்த்திவிட்டு, பத்திரத்தை எடுத்து நிதானமாக இரண்டாகக் கிழித்தாள்.

"வேற எவனும் வாங்கிடக் கூடாதுன்னுதான் ஆளை அனுப்பினேன். நம்ம ஃபேக்டரியை நானே எதுக்குங்க விலை குடுத்து வாங்கணும்?"