சாவிக்கு வந்த சொறி

"பையனுக்குப் பதினாறுதான் ஐயா ஆகுது. பெரியவங்களோட அடைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றார் பெண் காவலர்.

"இருக்கட்டும்மா. நம்மகிட்ட இருக்கறது ஒரே லாக்கப். சட்டம் போட்டவங்க கூடவே ஒரு ரூமும் போட்டுக் கொடுத்திருக்கணும்."

இன்ஸ்பெக்டர் தொலைபேசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார். பிறர் தொட்ட பொருள் என்றால் அவருக்கு உடம்பு கூசும். கோப்புத் தாளைக்கூட ஸ்கேலால்தான் புரட்டுவார்.

"சிறுவர் இல்லத்துக்கு இப்பவே அனுப்பிடலாமே ஐயா?"

"ஜீப்புல டீசல் இல்ல. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்."

சைக்கிள் திருடிய பையன் உள்ளே போனான். அங்கே ஏற்கெனவே ஓர் ஆசாமி காலை நீட்டிப் படுத்திருந்தான். நிஜப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவன் சாவி. அவனுக்கு மசியாத பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.

சற்று நேரம் உள்ளே குசுகுசுவென்று பேச்சு. திடீரென்று சாவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஐயா, இவனை முதல்ல வெளிய எடுங்க. உடம்பெல்லாம் சொறி. எனக்கும் ஒட்டிக்கிச்சு."

முதுகைக் கம்பியில் தேய்த்தான். கழுத்தைச் சொறிந்தான். பார்த்தவர்களுக்கும் அரித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா, பொய் சொல்றாரு" என்று பையன் அழுதான்.

"வாயை மூடுடா. தள்ளி நில்லு, சொறிப் பயலே" என்று சீறினான் சாவி.

"திருடனுக்குத் திமிரைப் பாரு" என்று முணுமுணுத்தபடி பெண் காவலர் பையனை வெளியே அழைத்து வந்தார். "ஐயா, இவனை உங்க ரூம் பெஞ்சுல உட்கார வைக்கட்டுமா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"இங்க எதுக்கு? ஜீப்புல ஏத்து. சிறுவர் இல்லத்துல விட்டுட்டு வா."

"டீசல்..."

"போட்டுக்கோயேன்."

சட்டத்தால் நகராத ஜீப், ஓர் அரிப்பால் நகர்ந்தது.

பெண் காவலர் திரும்பி வந்தபோது லாக்கப் முழுக்கப் பினாயில் நெடி. சாவியின் போர்வையைப் பிடுங்கி எரித்துவிட்டார்களாம். ஈரத் தரையில் அவன் குந்தியிருந்தான். சொறியவில்லை.

"அங்க டாக்டர் பார்த்துட்டாரு. பையன் உடம்புல ஒரு பொட்டு இல்ல. வழி பூரா அழுதுட்டே வந்தான். உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதாய்யா?"

"பூட்டைக் கல்லால உடைச்சானாம் மேடம், அதான் சத்தத்துல மாட்டிக்கிட்டான். சத்தமில்லாம எப்படிண்ணே திறக்கறதுன்னு கேட்டான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு."

"அதுக்கு?"

சாவி சுவரைப் பார்த்தான்.

"அவன் வயசுல, இதே மூலையில, நானும் ஒருத்தர்கிட்ட அதைத்தான் கேட்டேன் மேடம். தங்கமான மனுஷன். உடனே சொல்லிக் கொடுத்துட்டாரு."