யூரியா இல்லைங்க

"பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டு, பொண்ணு வீட்டுல இல்லைன்னா எப்படிங்க?"

பொன்னம்மாள் காபியைத் தொடவில்லை. பக்கத்தில் அவள் மகன் சிவப்பிரகாசம், சுரங்கத்தில் இன்ஜினீயர், நெளிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் சங்கரலிங்கம். "தமயந்தி சிதம்பரத்துல லேப்புல இருக்கா. அடுப்புல ஏத்தினதைப் பாதியில இறக்கினா வீணாப் போயிடுமாம். அடுத்த பஸ்ல வந்துடுவா."

"அப்படி என்னத்தைச் சமைக்கிறா?"

"மருந்து! வைரஸ் காய்ச்சலுக்கு. நைட்ரஜனைக் கோத்து வளையம் வளையமா செய்யறா."

பொன்னம்மாளின் தம்பி நல்லசாமிக்கு உர ஆலையில் வேலை. அவர் முகம் மலர்ந்தது. "நைட்ரஜனா? அட, நம்ம பிளான்ட் சமாச்சாரம்! யூரியாதானே?"

"யூரியா இல்லைங்க!" சங்கரலிங்கத்தின் மனைவி கமலா சிரித்துவிட்டாள். "இந்த பிளாக்குல பாதிப் பேரு இப்படித்தான். ரோஜாச் செடிக்கு ஒரு கை போடணும், உங்க தமயந்திகிட்ட வாங்கிக் குடுங்கன்னு வந்து நிக்கறாங்க."

சங்கரலிங்கம் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் ஃபோர்மன். தனக்குத் தெரிந்த வழியில் விளக்கினார்.

"பாக்க ஒரே மாதிரி இருக்கற தப்பு ரோலரை பெல்ட்டுல மாட்டினா என்ன ஆகும்? நின்னுடும்ல? வைரஸும் தன்னைப் போல இன்னொண்ணு செய்ய பார்ட்ஸ் தேடும். இவ செய்யற வளையம் அச்சு அசலா அந்த பார்ட் மாதிரியே இருக்கும். நம்பி எடுத்து மாட்டிக்கும். அதோட ஜாம்!"

"மருந்து கெடைச்சிருச்சா?" என்றார் நல்லசாமி.

"முக்காவாசி தேறலை. போன மாசம் ஒண்ணு, குடுவைக்குள்ள வைரஸைக் கொஞ்சம் அடக்கியிருக்கு. கொஞ்சம்தான். அதுக்கே கமலா தெரு பூரா கேசரி குடுத்துட்டா."

"நீங்க மட்டும்? ஷிப்ட் பஸ்ல டிரைவர்கிட்டகூடச் சொல்லாம விடலையாமே!" என்றாள் கமலா.

பொன்னம்மாள் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் விட்டுடுவாளா?"

கமலாவின் முகம் மாறியது. "அவ விட மாட்டா. விடச் சொல்றதா இருந்தா, காபியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."



"அம்மா," என்றான் சிவப்பிரகாசம். "அவங்க விடறேன்னாலும் நான் விட மாட்டேன்."

பொன்னம்மாள் மகனைப் பார்த்தாள். கமலாவைப் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்தாள்.

"சரி, செய்யட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மணையில உக்காந்து தாரை வார்க்கப் போறது யாரு? பொண்ணைப் பெத்தவங்க வர மாட்டோம்னுட்டாங்களாமே?"

"நாங்கதான்," என்றார் சங்கரலிங்கம்.

"எத்தனையோ கல்யாணம் பாத்துட்டேன். மருமகளைத் தாரை வார்த்துக் குடுக்கற மாமனார் மாமியாரை இப்பத்தாங்க பாக்கறேன்."

"எண்பத்தொண்ணுல எங்க மகனைக் கொண்டுபோச்சே மூளைக்காய்ச்சல், அதோடதாங்க அவ தினம் மல்லுக்கு நிக்கறா," என்றார் சங்கரலிங்கம், நெஞ்சை நிமிர்த்தி.