சத்தமில்லாமல் விளையாடும் பிள்ளை

அஸ்ஹான் அழவில்லை.

நேற்று மூதூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் வாப்பாவின் தோளிலேயே உறங்கிப்போன பிள்ளை. இன்று காலை சின்ன அறையைத் திறந்துவிட்டதும் கப்சிப்பென்று அடங்கிவிட்டான்.

ஸுல்பிகா கதவு நிலையோடு ஒட்டி நின்று மகனைப் பார்த்தாள். மூச்சு விடவும் பயமாக இருந்தது.

அந்த அறைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இனிப் போவதில்லை என்ற முடிவோடு கத்தாரிலிருந்து வந்தவள், பயணப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இந்த வேலையில் இறங்கிவிட்டாள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பலகைகளைக் கணவன் றுவைஸ் கொண்டுவந்து விளையாட்டுச் சாமான் அடுக்க முழங்கால் உயரத்துக்கு ஓர் இறாக்கை அடித்துக் கொடுத்தான். சிலாம்பு பிள்ளையின் கையில் குத்திவிடும் என்று அவள் உள்ளங்கை எரிய எரிய அரத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

இறாக்கையில் நாலே நாலு சாமான். ஒரு பெட்டி மரக்கட்டை, ஒரு கிண்ணம் கடல் சோகி, திறந்து மூட ஒரு தகரப் பேணி, ஒரு படப் புத்தகம். மற்றதெல்லாம் அலுமாரிக்குள். தரையில் ஒரு பன்பாய். சுவரில் பிள்ளையின் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி.

"புள்ளைய மொண்டிசோரிக்கு அனுப்புவாங்க. நீ மொண்டிசோரிய வீட்டுக்குக் கொண்டு வாறாய்" என்றான் றுவைஸ். அவனுக்கு எல்லாம் பகிடி.

அவளுக்கு இது பகிடியில்லை. தோஹாவில் வேலை செய்த வீட்டில் லூலு என்ற குழந்தையை அவள்தான் வளர்த்தாள். லூலுவுக்கு இப்படித்தான் ஓர் அறை. அதற்கென்றே ஒரு ரீச்சர் வந்து ஸுல்பிகாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாமான் குறைவாக இருந்தால் பிள்ளை குழம்பாது. கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தால் தானே எடுத்துத் தானே வைக்கும். பெரியவர்கள் இடையில் புகுந்து கெடுக்கக்கூடாது. எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியும் அந்த அறைக்குள் அடங்கிவிடும். லூலு அடங்கினாள்.

என்ட மகனுக்கும் இப்படி ஓர் அறை செய்து கொடுப்பேன் என்று ஸுல்பிகா அங்கேயே நிய்யத்து வைத்துக்கொண்டாள்.

அவன் தவழத் தொடங்கிய நேரத்தில் விட்டுப்போனவள். தங்கை பஸ்னாதான் மூதூரில் வைத்து வளர்த்தாள். இப்போது நாலு வயது. நேற்றுக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்னாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"ராத்தா, புள்ளைக்கு இருக்க ஏலாதெண்டா மல்லுக்கட்டாதீங்க. வெள்ளிக்கிழமை வந்து நான் கூட்டிக்கொண்டு போறன்."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஸுல்பிகாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளை தன் பக்கம் திரும்பாவிட்டால், பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள இனி என்ன இருக்கிறது?

அறை வேலை செய்தது.

அஸ்ஹான் இறாக்கையைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். புது இடத்தில் திருதிருவென்று விழிக்கிற முழி அவனிடம் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்துபோய்க் கட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து பாயில் இறக்கினான்.

கட்டைமேல் கட்டை அடுக்கினான். ஒவ்வொன்றையும் முட்டையை வைப்பதுபோல் வைத்தான். ஒன்று சரிந்து விழப் பார்த்தபோது பாய்ந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவன் திடுக்கிட்டு, எதிரே மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தான். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டான்.

ஸுல்பிகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு வயதில் என்ன நிதானம், என்ன பொறுமை. லூலுகூட இப்படி விளையாடியதில்லை. பஸ்னாவுக்கு இப்போதே போன் எடுத்துச் சொல்லவேண்டும் போலிருந்தது. ரீச்சர் சொன்ன சட்டம் காற்றில் போக, அவள் போய் மகனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"மகன் நல்ல வடிவா விளையாடுறீங்களே."

அஸ்ஹான் உதட்டில் விரலை வைத்தான். வந்ததிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், காதுக்குள் வந்து ரகசியமாகச் சொன்னான்.

"மெதுவாக் கதைங்க உம்மா. லூலு எழும்பிரும்."

உம்மா என்று கூப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு முதலில் மற்றது விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

லூலு பகலில் உறங்கும் நேரம்தான் அவளுக்குக் கிடைத்த நேரம். லூலுவின் அறையில், லூலுவின் இறாக்கைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்துதான் அவள் மகனுக்கு வீடியோ கோல் எடுப்பாள். குசுகுசுவென்றுதான் கதைப்பாள். பக்கத்து அறையில் லூலு எழும்பிச் சிணுங்கியதும், "உம்மா பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாள்.

ஒரு நாளா, இரண்டு நாளா.

அவள் கையை நீட்டினாள். பெட்டியைத் தூக்கி, மிச்சமிருந்த கட்டைகளையெல்லாம் சீமெந்துத் தரையில் கடகடவென்று கொட்டினாள். போதாதென்று சோகிக் கிண்ணத்தையும் எடுத்துக் கவிழ்த்தாள். வீடே அதிர்ந்தது.

அஸ்ஹான் இரண்டு கையாலும் அவளுடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்க் கதவையே பார்த்தான்.

யாரும் எழும்பவில்லை. உம்மாவும் எழும்பிப் போகவில்லை.

வெகுநேரம் கழித்து, பிடித்த பிடியை விடாமலே காலை நீட்டி, தான் அடுக்கியதை ஓர் உதை விட்டான்.