மாவு மாத்திரை

“ஏட்டி, அய்யரைப் பாத்தியா? மாரு வீங்கியிருக்கு.”

“ச்சீ! ஆம்பிளை மாரைக் காட்டவா என்னைக் கூட்டிட்டு வந்திய?” பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உனக்கு வெவரம் தெரியாது. அவருக்கு நிஜ மருந்து விழுந்திருக்கு.”

அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்குச் சாலைக் கடைத்தெரு அரிசி மண்டியில் வேலை. ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அதற்குப் புது மாத்திரையைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மதித்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களாம்.

மருந்து உடம்பில் சேர்ந்தால் மார் கொஞ்சம் வீங்கலாம் என்று மட்டும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மாதாமாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் சட்டையைத்தான் நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்முடி எஸ்டேட்காரருக்கு வீங்கிவிட்டது. மனுஷன் பீடி பிடித்தபடி ஜம்மென்று நடக்கிறார். விழிஞ்ஞத்து மீன்காரருக்கு வீங்கவே இல்லை. போன மாதத்திலிருந்து அவர் இடம் காலி.

நயினார் தன் மாரைத் தடவிப் பார்த்தார். பலகை.

“டாக்டரும் அய்யரு, இவரும் அய்யரு. சீட்டாம், குலுக்கலாம்!”

“மெல்லப் பேசுங்க. அவரு காதுல விழப்போவுது.”

“விழட்டும். ராத்திரி முதுகு கடையுறது எனக்குல்லா தெரியும்!”

“டீ வாங்கிட்டு வாரேன். அதைக் குடிச்சாலாவது வாய் மூடுதான்னு பாப்போம்.” பூமாரி போய்விட்டாள்.

கரமனை அக்ரஹாரத்து நாகேஸ்வரன், ரிட்டயரான குமாஸ்தா, மேல்துண்டை மாரோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்து வந்தார்.

“வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“உங்களுக்கென்ன சாமி, கொடுத்து வச்சவரு.”

“நன்னாச் சொன்னீர்! ஆத்துல பேரன், ‘தாத்தா, நீ பாட்டியாயிட்டியா’ங்கறான். தெருவுல தலைகாட்ட முடியலை.”

“அந்த வெக்கத்தை எனக்குக் குடுங்களேன்.” நயினார் சிரிக்கவில்லை.

“ஆறுமுகநயினார்! ரத்தம் எடுக்கான் வரு!” நர்ஸ் மலையாளத்தில் கூப்பிட்டாள்.

“பையைப் பாத்துக்கிடுங்க சாமி.” இந்த மாதத்து மாத்திரைப் புட்டி அதற்குள் இருந்தது.

அவர் திரும்பி வந்ததும் நாகேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். இப்போது ரெண்டு பையும் நயினார் பக்கத்தில்.

கண் வாசலில், கை பைக்குள். ஒட்டியிருந்த நம்பரைக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் புட்டி அங்கே, அந்தப் புட்டி இங்கே. ‘அவரு பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல இருக்கவரு. நான் மூட்டை தூக்கணும்லா’ என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு நாகேஸ்வரன் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நயினார் காதோடு குனிந்தார்.

“வாயைத் திறக்காதேயும். டாக்டருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் விரட்டிடுவார்.”

“என்ன சாமி?”

“நீர் உள்ளே போனப்போ புட்டியை மாத்தி வச்சுட்டேன். என் மருந்து உம்ம பையில இருக்கு. எனக்கு வலி விட்டுடுத்து ஓய். ஒரு மாசமாவது நீர் நிம்மதியாத் தூங்கும்.”

சொல்லிவிட்டுத் தன் பையை எடுக்கப் போனவர் நின்றார். நயினாரின் கை அதை இறுகப் பிடித்திருந்தது.

“என்ன ஓய், பையை விடமாட்டேங்கறீர்? அதுல இருக்கறது வெறும் மாவுதானே!”