இன்னும் ஒரு வாரம்

குரல் செய்தி வந்தபோது கௌசர் ஒரு முகூர்த்தப் பட்டின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள்.

காபூலிலிருந்து ஜர்மீனா. வெள்ளிக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிந்தால் வருவதுதான்.

ஐந்து வருடப் பழக்கம். கௌசரின் கணவன் ரியாஸ் காபூல் விமான நிலையத்தில் அமெரிக்கப் படைகளுக்குச் சமைக்கிறான். ஜர்மீனாவின் கணவன் அதே சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறான்.

ஜர்மீனாவின் உருது பெஷாவர் அகதி முகாமில் கற்றது. கௌசரின் உருது காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தது. பாதி புரியும். மீதியைச் சிரிப்பு பார்த்துக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒருமுறை ஒருத்தி அல்லாவிடம் துஆ கேட்பாள், மற்றவள் ஆமீன் சொல்வாள். கேட்பது எப்போதும் கௌசர்தான்.

படைகள் அந்த நாட்டைவிட்டுப் போகட்டும், என் புருஷன் வீடு திரும்பட்டும்.

ஆமீன் என்பாள் ஜர்மீனா. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அடுத்தவன் மண்ணில் அந்நியப் படை இருபது வருடம் உட்கார்ந்திருப்பது தப்பு. கௌசருக்கு அதில் சந்தேகமே கிடையாது. தன் ஆசையும் நியாயமும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம் என்பதும் தெரியும்.

இந்த ஆகஸ்டில் படைகள் கிளம்பின. கடைசிப் படையோடு சமையல்காரர்களும் கிளம்பலாம், அதுவரை இருக்கவேண்டும் என்றது ரியாஸின் நிறுவனம். செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

சேலையை வாங்கிப்போக வந்த தறிக்காரர் வீட்டு ரேணுகாம்பாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா கௌசரு, செவ்வாக்கெழமை உங்க ஊட்டுக்காரு வராராமே? வேண்டிக்கினே அமெரிக்காக்காரனக் கெளப்பி உட்டுட்ட. எங்க மாமியாருக்கும் ஒண்ணு வேண்டிக்கம்மா. மவ ஊட்டுக்குக் கெளம்பட்டும்."

கௌசர் சிரித்தாள். அரை மணி நேரம் கழித்து வரச் சொன்னாள். அவள் தெரு திரும்பியதும் செய்தியைத் திறந்தாள்.

பின்னால் கூட்டத்தின் இரைச்சல். விமான நிலைய வாசலில் நேற்றுதான் குண்டு வெடித்திருந்தது. அந்த வாசலில் நின்றுதான் ஜர்மீனா பேசினாள். கடையில் சாமான் கேட்பதுபோல நிதானமாக. கௌசரை அவள் பாஜி என்பாள். அக்கா என்று அர்த்தம்.

"பாஜி, எங்க விசா காகிதம் இன்னும் வரலை. ஒரு வாரத்துல வந்துடும்னு சொல்றாங்க. அதுக்குள்ள படை போயிட்டா எங்களை ஏத்திக்க ஆள் இல்லை. இவர் யாருக்கு வேலை செஞ்சார்னு எங்க தெருவுக்கே தெரியும். அவங்க இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். இன்னிக்கு நான் கேட்கிறேன், நீங்க ஆமீன் சொல்லுங்க."

அவ்வளவுதான் செய்தி.

படைகளுக்கு ஒரு வாரம் என்றால் ரியாஸுக்கும் ஒரு வாரம். அதே வாசல்.

மாட்டேன் என்பதற்கு உருதுவில் சொல் உண்டு. இரண்டு பேருக்கும் புரியும் சொல்தான்.

கௌசர் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"ஆமீன்" என்றாள். தெளிவாக, பிசிறில்லாமல்.

துஆவுக்குக் கையேந்தவில்லை. ஒரு கையில் போன், மறு கையில் முடிச்சு விழாத பட்டிழைகள். கை சும்மா இருந்திருந்தாலும் ஏந்தியிருக்கமாட்டாள். உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை.

செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டு டிக்குகளும் நீலமாயின.

கௌசர் திரையை மேலே தள்ளினாள். போன வெள்ளி, அதற்கு முந்தைய வெள்ளி. ஜர்மீனாவின் ஆமீன்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் இரண்டு விநாடி.

ஒன்றைத் தொட்டுக் கேட்டாள்.

தெளிவாக இருந்தது. பிசிறே இல்லை.