மீசை முளைத்த கன்றுக்குட்டி

“கைக்குழந்தைக்கு மீசை முளைச்சிருக்குன்னு ஒருத்தன் வந்து சொன்னா நம்புவீங்களா அண்ணே?”

லேப் அம்மா கேட்ட கேள்விக்குக் கொட்டில்காரர் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“நம்ப மாட்டேம்மா.”

“அப்போ இதை மட்டும் நான் எப்படி நம்பறது?” மேஜையிலிருந்த சின்ன டப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். “கடைசியாப் பொறந்த கன்னுக்குட்டி. இன்னும் பால்குடி மறக்கல. ஆனா இதுல இருக்கிறதெல்லாம் புல்லு தின்னு அசைபோடுற பெரிய பசுவோட கிருமி!”

கன்றுகள் வளர வளர அவற்றின் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வாராவாரம் ஒவ்வொரு கன்றின் சாணத்தையும் டப்பியில் அடைத்துக் கொண்டுவந்து தருவது கொட்டில்காரர் வேலை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். கொட்டிலுக்குள் அவள் கால் வைத்து எத்தனையோ நாளாகிவிட்டது.

“பசுவோட சாணியைத்தானே அள்ளிப் போட்டீங்க?”

அவர் தலை தாழ்ந்தது. “சாணி சாணிதானேன்னு நினைச்சேம்மா.”

“அதெப்படி? பால் குடிக்கிற வயிறும் புல்லு தின்னுற வயிறும் ஒண்ணா? அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தானே நான் கண்ணைக் கெடுத்துக்கிட்டு இங்க உட்கார்ந்திருக்கேன்!”

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னாள்: “கன்னு பின்னாடி அலைய அலுப்பா இருந்திருக்கும். பசுன்னா கொட்டி வச்சிருக்கும், போற போக்குல அள்ளிக்கலாம்.”

“நீ சும்மா இரு அக்கா. சொல்லுங்கண்ணே, ஏன் இப்படிப் பண்ணீங்க?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதை மென்று முழுங்கினார்.

“சோம்பல்தாம்மா.”

அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட விட்டிருப்பாள்.

“சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க. உங்க சோம்பலுக்கு என் உழைப்பைக் காவு குடுக்க முடியாது.”

சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

“போறதுக்கு முன்னாடி கடைக்குட்டிக்கு ஒரு புட்டி மட்டும் குடுத்துட்டுப் போயிடட்டுமா? நான் குடுத்தாத்தான் குடிக்கும்.”

“நீங்க எதையும் தொட வேண்டாம்.”

வேறு வழியில்லாமல், புதுச் சாணம் எடுக்க அவளே கொட்டிலுக்குப் போனாள்.

கடைக்குட்டி சுருண்டு படுத்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. அதன் மேல் கொட்டில்காரரின் பழைய ஸ்வெட்டர். வாலும் பின்னங்கால்களும் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன. சாணத்தைத் தேடினாள். வைக்கோலில் மஞ்சள் தண்ணீர்தான் கிடந்தது. ஓரத்தில் பால்புட்டி. அதன் பக்கத்தில் ஒரு பொட்டலம் உப்பு, ஒரு பொட்டலம் சர்க்கரை.

கழிச்சல்.

எதிர்ச் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது. கழிச்சல் கண்ட கன்று ஆராய்ச்சிக்கு ஆகாது, அன்றைக்கே கறி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கீழே கையெழுத்து, அவளுடையது.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். கன்று தப்பியிருக்காது.

புட்டியை எடுத்து அதன் வாயருகே வைத்தாள். கடைக்குட்டி அவள் கையை முகர்ந்தது. பிறகு முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தது.

செல்போன் அடித்தது. ஆராய்ச்சி நிலையத்துப் பெரிய சார். காலையிலேயே அவரிடம் புகார் சொல்லியிருந்தாள்.

“அந்த ஆளை அனுப்பியாச்சாம்மா?”

“அனுப்பியாச்சு சார்.”

“நல்ல காரியம். ஏமாத்துறவங்களை வச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியுமா? கன்னு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.”

ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், பையும் கையுமாக அவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ‘அண்ணே’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடுவார். ஆனால் ஏன் கூப்பிட்டாய் என்று பெரிய சார் கேட்டால்?

பஸ் வந்தது. போயும் விட்டது.

காலி டப்பியோடு அவள் அடுத்த அடைப்புக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தாள். அவரைப்போல மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவள். கடைக்குட்டிக்கு ஒரே நாள் மூத்த கன்றாகப் பார்த்துத்தான், அதன் சாணத்தால் டப்பியை நிரப்பினாள்.